பெட்டியைத் திறந்தால்... – 14: இரண்டாவது கார்டு யாருக்கு?

ஒரே வீடியோ கார்டில் இரண்டு மானிட்டர் மாட்டுவதைச் சென்ற வாரம் பார்த்தாயிற்று. இந்த வாரம் இரண்டாவது கார்டு. பங்குச் சந்தைக்காரர்களும் வீடியோ எடிட்டர்களும் திரையை அகலமாக்கவே அதை வாங்கினார்கள். 2009-ல் ஏஎம்டியின் ஐஃபினிட்டி வந்து, ஒரே கார்டில் ஆறு மானிட்டர்வரை ஓட்டலாம் என்றானபின் அந்தத் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. அப்படியானால் இரண்டாவது கார்டுக்கு இனி என்ன வேலை? அரூரிலிருந்து மலையேறிப் போகும் சித்தேரி போன்ற ஊர்களின் பள்ளியில் அதற்கு வேலை இருக்கிறது என்பதே என் வாதம். அங்கே அது இரண்டாவது திரைக்காக அல்ல, இரண்டாவது மாணவருக்காக வர வேண்டும்.

இரண்டு கார்டுகள் ஒரே கணினியில் ஒத்துப்போக நெடுங்காலம் மறுத்ததற்குக் காரணம் 1987-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற திரைத் தரத்தைக் கொண்டுவந்தது. நினைவகத்தில் 640 கிலோபைட்டைத் தாண்டியதும் வரும் 128 கிலோபைட் இடமும், சில குறிப்பிட்ட போர்ட் எண்களும் திரைக்கென்று ஒதுக்கப்பட்டவை. பின்னால் வந்த கார்டுகளும் பழைய மென்பொருள் ஓட வேண்டுமே என்று அதே முகவரியைத் தூக்கிச் சுமந்தன. ஒரே கதவு எண் கொண்ட இரண்டு வீடுகளுக்குத் தபால்காரர் வந்தால் என்ன குழப்பமோ, அதுதான் இங்கும். எந்த நேரத்தில் எந்தக் கார்டு பதில் சொல்லலாம் என்று முறை வைக்கும் ஏற்பாடு, 2009 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.32-ல் சேர்ந்தது. பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் தொடங்கியதை பாலோ சனோனியும் தியாகோ விக்னாட்டியும் முன்னெடுத்தார்கள். விக்னாட்டி பிரேசிலின் பரானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையில் இறங்கியவர். அந்தப் பல்கலைக்கழகம்தான் பரானா மாநில அரசுப் பள்ளிகளுக்கு, ஒரு கணினியில் நான்கு மாணவர் தனித்தனியாக உட்காரும் அமைப்பை வடிவமைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான தேவையிலிருந்து வளர்ந்த நிரல் இன்று உலகெங்கும் லினக்ஸ் கணினிகளுக்குள் இருக்கிறது.

ஒரு கணினியில் இரண்டு பேர் உட்கார இன்றைக்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் ஒன்று, ஸ்லாட்டில் செருகும் கார்டு ஒன்று. கார்டைச் செருகியதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும்; பயாஸில் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். பிறகு லினக்ஸில் லாக்இன்சிடிஎல் கட்டளையால் ஒரு கார்டு, ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் மூன்றையும் ‘சீட்1’ என்று கட்டினால், இரண்டாவது மானிட்டரில் தனி லாகின் திரை வந்து நிற்கும். இந்த முறையில் இருக்கைக்கு ஒரு கார்டு என்பது கணக்கு. ஒரே கார்டின் இரண்டு வாய்களை இரண்டு மாணவருக்குப் பிரித்துக் கொடுக்க இயலாது. ஆகவேதான் இரண்டாவது கார்டு. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் ஒரு மாணவர் பயன்படுத்தும்போது பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது; இன்னொருவரையும் அது தாங்கும்.

பெட்டி பழுதானால் இரண்டு பேருமே உட்கார்ந்துவிடுவார்களே என்பது நியாயமான கேள்வி. உண்மைதான். ஆனால் பழுதாக வாய்ப்புள்ள எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் பாதியாகின்றன. மிச்சமாகும் பணத்தில் ஒரு பெட்டியை உபரியாகவே வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக் மலையேறி வர வேண்டிய ஊரில் இது சின்ன விஷயமல்ல. மின்வெட்டிலும் ஒரே பெட்டி என்றால் யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். விண்டோஸில் முடியுமா? பள்ளிகளுக்காகவே வந்த மல்டிபாயிண்டை மைக்ரோசாஃப்ட் 2016 சர்வரோடு நிறுத்திவிட்டது. எனவே லினக்ஸே எளிய வழி. நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசின் இலவச மடிக்கணினிகளிலேயே வந்ததால் அது மாணவர்களுக்குப் புதிதும் அல்ல. ஆனால் அந்த மடிக்கணினி மேல்வகுப்புக்கு வந்தபின்தான் கிடைத்தது. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கணினி லேப்தான் எல்லாம்.

கேபிள் நீளம், எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் பற்றி இந்த வாரம் சொல்வதாக இருந்தது. அது அடுத்த வாரம். அதற்குள் ஒன்று: படித்த பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுக்க நினைக்கும் முன்னாள் மாணவர்கள், இன்னொரு முழுப் பெட்டிக்கு முன்னால் ஒரு கார்டு, ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸுக்கு விலை கேட்டுப் பாருங்கள்.