கார்புரேட்டர் உடல் நெளிவும் அதன் சீரமைப்பும்

கார்புரேட்டர் உடல் நெளிவு என்பது, பழைய பெட்ரோல் மகிழுந்துகளின் கார்புரேட்டரில் பிற பாகங்களுடன் பொருந்தும் தட்டையான முகங்கள் தம் சமதளத்தை இழந்து வளைந்துவிடுவதைக் குறிக்கும். இவ்வளைவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் சில பங்குகள் வரையே இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத இச்சிறு குறையினால் பொறி சீராக ஓடாமல் போகலாம். சில வேளைகளில் தீ விபத்தும் நேரலாம்.

இந்தியாவில் 1958 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசிடர், பின்னர் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற பியட் 1100 ஆகிய மகிழுந்துகளின் பெட்ரோல் வகைகளில் சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் பரவலாகப் பயன்பட்டன. 2000 ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின், புதிய மகிழுந்துகளில் எரிபொருள் உட்செலுத்தும் முறை கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்தது. எனவே பழைய கார்புரேட்டரைக் கெடுத்துவிட்டால் அதே போன்ற நல்ல மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது.

நெளிவதற்கான காரணம்

இவ்வகைக் கார்புரேட்டர்களின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றது. இக்கலப்புலோகம் ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகும். ஓர் உலோகத்தின் வெப்பநிலை, கெல்வின் அளவில் அதன் உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால், நிலையான அழுத்தத்தின் கீழ் அது மெல்ல மெல்ல உருமாறத் தொடங்கும். இதனைத் தவழ்வு என்பர். 30 பாகை செல்சியசு அறை வெப்பநிலையிலேயே துத்தநாகக் கலப்புலோகம் இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது (303 வகுத்தல் 658, அதாவது 0.46). ஓடும் பொறியின் மேல் 80 பாகையில் இவ்விகிதம் 0.54 ஆகும். வேனிலில் வெப்பம் 40 பாகையை நெருங்கும் சாத்தூர் போன்ற ஊர்களில், வண்டியை நிறுத்திய பின்னும் கார்புரேட்டர் நெடுநேரம் சூடாகவே இருக்கும்.

ஆயினும் வெப்பம் மட்டும் உடலை நெளிப்பதில்லை. நட்டை மிகையாக முறுக்குவதே முதன்மைக் காரணம். கார்புரேட்டரின் அடித்தட்டு இரு புறமும் காது போல நீண்டிருக்கும். தடித்த, மென்மையான பேக்கிங்கை வைத்து இரு காதுகளையும் இறுக்கினால், காதுகள் கீழே வளைந்து நடுப்பகுதி மேலெழும்பும். அவ்விடைவெளி வழியே காற்று புகும். காற்றுக் கசிவை நிறுத்த இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். வளைவு மேலும் கூடும். பட்டறைகளில் இச்சுழற்சி வியப்பூட்டும் அளவிற்கு வழக்கமாக உள்ளது.

விளைவுகள்

0.1 மில்லிமீட்டர் இடைவெளி 30 மில்லிமீட்டர் நீளத்திற்கு இருந்தால் அதன் பரப்பு 3 சதுர மில்லிமீட்டர். இது 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளைக்கு நிகர். பொறி வெறுமனே ஓடும்போது த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருப்பதாலும், மேனிபோல்டில் வெற்றிடம் மிகுந்திருப்பதாலும், இத்துளை பெரிய தீங்கைச் செய்கின்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று என்னும் விகிதம் குலைந்து கலவை மெலிகின்றது. பொறி நடுங்கி நின்றுவிடும். நெடுநாள் இவ்வாறு ஓட்டினால் வெளியேற்று வால்வுகள் எரிந்துபோகலாம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய கார்புரேட்டரில் கலவையைச் சற்று மெலியச் செய்யும் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மேல்மூடியின் இணைப்பு நெளிந்தால் மிதவை அறையிலிருந்து பெட்ரோல் கசியும். அம்பாசிடரின் 1489 கன செண்டிமீட்டர் பொறியில் உள்ளிழு, வெளியேற்று மேனிபோல்டுகள் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், கசியும் பெட்ரோல் சூடான குழாயின் மீது சொட்டக்கூடும்.

கண்டறிதல்

பொறி ஓடும்போது இணைப்பின் மீது பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பது சிலரது வழக்கம். இது மிகவும் ஆபத்தானது. அதற்குப் பதிலாகச் சோப்பு நீரைத் தூரிகையால் தடவலாம். கசிவு உள்ள இடத்தில் நீர் உறிஞ்சப்பட்டு, பொறியின் ஓட்டம் கணநேரம் மாறும். பின்னர் கார்புரேட்டரைக் கழற்றி, பழைய பேக்கிங்கை முற்றிலும் நீக்கி, முகத்தின் மீது நேர்விளிம்புள்ள எஃகு அளவுகோலைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஃபீலர் கேஜால் அளக்கவேண்டும். மேனிபோல்டின் முகத்தையும், இடையிலுள்ள பேக்லைட் துண்டையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். பிழை அங்கே இருக்க, கார்புரேட்டரைத் தேய்த்து வீணாக்குவோர் உண்டு.

சமப்படுத்துதல்

முதலில் ஜெட்டுகள், மிதவை, ஊசி வால்வு ஆகியவற்றைக் கழற்றிவிடவேண்டும். த்ராட்டில் தகட்டின் திருகுகள் முனை நசுக்கிப் பூட்டப்பட்டவை. அவற்றைத் தொடாமல், தண்டின் இரு முனைகளையும் கிரீசும் நாடாவும் கொண்டு மூடுவது நலம். தடித்த கண்ணாடிப் பலகையின் மீது 220 எண் நீர் உப்புத்தாளை விரித்து, சோப்பு நீர் விடவேண்டும். உலர்ந்த தாளைத் துத்தநாகத் துகள் விரைவில் அடைத்துவிடும். முகம் முழுவதும் மைக்கோடுகள் வரைந்து, எட்டு என்ற எண்ணின் வடிவில் மெல்லத் தேய்க்கவேண்டும். கையின் அழுத்தம் ஒரு பக்கம் கூடினால் முகம் சாய்ந்துவிடும். முதலில் காதுகளின் மீதுள்ள கோடுகள் மறையும். நடுக்கோடுகளும் மறைந்தவுடன் நிறுத்தி, 400 எண் தாளில் சிறிது தேய்த்து முடிக்கலாம். வளைவு அரை மில்லிமீட்டரைத் தாண்டினால், தேய்ப்பதற்கு முன் காதுகளை இளஞ்சூட்டில் கிடுக்கியால் மெதுவாக நிமிர்த்துவதுண்டு. சுத்தியலால் தட்டினால் இவ்வார்ப்பு உடைந்துவிடும்.

மேல்மூடியைத் தேய்க்கும்போது வேறொரு சிக்கல் எழுகின்றது. சோலெக்ஸ் வகையில் ஊசி வால்வு மூடியிலேயே உள்ளதால், தேய்த்த அளவிற்கு அது கீழிறங்கி, அறையின் பெட்ரோல் மட்டமும் தாழும். வால்வின் வாஷர் தடிமனை மாற்றி இதனைச் சரிசெய்யவேண்டும்.

துகள்கள் எஞ்சாதபடி எல்லாத் துளைகளையும் கழுவிக் காற்றூதிய பின், மெல்லிய புதிய பேக்கிங் வைத்து, நட்டுகளை இரு புறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். சிலிக்கான் பசை கூடாது. பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைத்துவிடும்.

பணியிடம்

பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள தீயைச் சென்றடையும். ஒரு பொறி என்ன செய்யும் என்பதைத் தீப்பெட்டித் தொழிலில் வளர்ந்த சாத்தூர், சிவகாசி வட்டார மக்களுக்கு எடுத்துக்கூறத் தேவையில்லை. எனினும் பெட்ரோல் என்றதும் அந்த விழிப்பு ஏனோ தளர்ந்துவிடுகின்றது. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றி, திறந்த வெளியில், வெடிமருந்தோ தீக்குச்சியோ வைத்திருக்கும் கொட்டகைகளுக்கு எட்டத்தில் இப்பணியைச் செய்யவேண்டும்.