கூடிசன் பார்க்: வாடகைத் தகராறில் பிறந்த மைதானத்தின் 133 ஆண்டு வரலாறு

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1892-ஆம் ஆண்டு முதல் எவர்டன் கால்பந்து கழகத்தின் தாயகமாக விளங்கிய கூடிசன் பார்க் மைதானத்தில், ஆடவர் அணி தனது கடைசி லீக் ஆட்டத்தை 2025 மே 18 அன்று விளையாடியது. சவுதாம்ப்டன் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் எவர்டன் 2-0 என்ற கோல் கணக்கில் வென்றது. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் ஆட்டங்கள் அதிக எண்ணிக்கையில் நடைபெற்ற மைதானம் இதுவே.

இந்த மைதானம் உருவானதற்கு ஒரு வாடகைத் தகராறே காரணம். எவர்டன் அணி 1884 முதல் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஆடி வந்தது. அங்கு இருந்தபோதே 1891-இல் லீக் பட்டத்தையும் வென்றது. மதுபான ஆலை அதிபரும் கழகத்தின் தலைவருமான ஜான் ஹவுல்டிங் வாடகையை உயர்த்தியதால் நிர்வாகிகளிடையே பிளவு ஏற்பட்டது. ஜார்ஜ் மேஹன் தலைமையிலான தரப்பினர் ஸ்டான்லி பூங்காவின் மறுபுறம் இருந்த வெற்று நிலத்தை வாங்கிப் புதிய மைதானத்தை அமைத்தனர். 1892 ஆகஸ்ட் மாதம் அது திறக்கப்பட்டது. காலியாகிவிட்ட ஆன்ஃபீல்டுக்காக ஹவுல்டிங் புதிதாக ஓர் அணியைத் தொடங்கினார். அதுவே இன்று உலகப் புகழ்பெற்ற லிவர்பூல் கழகம். குத்தகைக்காரரை இழந்த நில உரிமையாளர், அவருக்கு நிரந்தரப் போட்டியாளரை உருவாக்கிவிட்டார் எனலாம்.

கால்பந்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட உலகின் தொடக்ககால மைதானங்களுள் கூடிசன் பார்க்கும் ஒன்று. பிற்காலத்தில் இதன் பார்வையாளர் மாடங்களை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஆர்ச்சிபால்டு லீட்ச். புல்லன்ஸ் சாலைப் பக்க மாடத்தின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்ட எஃகுச் சட்டங்கள் அவரது முத்திரையாகக் கருதப்படுகின்றன. மைதானத்தின் ஒரு மூலையில் புனித லூக்கா தேவாலயம் மாடங்களை ஒட்டியே நிற்கிறது. சுற்றிலும் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். விரிவாக்கத்துக்கு இடமின்றிப் போனதற்கும், மக்களின் பற்று ஆழமாக வேரூன்றியதற்கும் இந்த நெருக்கமே காரணம்.

1948 செப்டம்பரில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைக் காண 78,299 பேர் திரண்டது இங்கு பதிவான அதிகபட்ச எண்ணிக்கையாகும். 1966 உலகக் கோப்பையில் அரையிறுதி உட்பட 5 ஆட்டங்கள் இங்கு நடைபெற்றன. காலிறுதியில் வட கொரியாவிடம் 0-3 எனப் பின்தங்கியிருந்த போர்ச்சுகல், யூசேபியோ அடித்த 4 கோல்களின் துணையுடன் 5-3 என வென்றது. 1927-28 பருவத்தில் 60 லீக் கோல்கள் அடித்து இன்றளவும் முறியடிக்கப்படாத சாதனை படைத்த டிக்சி டீன், 1980-இல் இதே மைதானத்தில் எவர்டன் - லிவர்பூல் ஆட்டத்தைப் பார்த்துக் கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார்.

ஆயினும் இம்மைதானத்தின் மிக முக்கியமான நாள் ஆடவர் கால்பந்தைச் சார்ந்தது அல்ல. 1920 டிசம்பர் 26 அன்று, பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களைக் கொண்ட டிக் கெர் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் இங்கு மோதின. அறநிதி திரட்டுவதற்காக நடத்தப்பட்ட அந்த ஆட்டத்தைச் சுமார் 53,000 பேர் கண்டனர். இடமின்றித் திரும்பியவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல எனக் கூறிய இங்கிலாந்து கால்பந்து சங்கம், தனது உறுப்பினர் கழகங்களின் மைதானங்களில் மகளிர் ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. சுமார் 50 ஆண்டுகள் அத்தடை நீடித்தது. ரசிகர் கூட்டம் இல்லாததால் மகளிர் கால்பந்து வளரவில்லை என்ற வாதத்துக்கு, கூடிசன் பார்க்கின் அந்த ஒரு நாளே போதிய மறுப்பு.

எவர்டன் ஆடவர் அணி தற்போது மெர்சி நதிக்கரையின் பிராம்லி-மூர் கப்பல்துறையில் கட்டப்பட்ட, 52,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய மைதானத்துக்கு மாறியுள்ளது. இந்தத் துறைமுகப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட புதிய கட்டுமானத் திட்டங்களைக் காரணம் காட்டி, லிவர்பூலின் உலகப் பாரம்பரியத் தகுதியை யுனெஸ்கோ 2021-இல் நீக்கியது குறிப்பிடத்தக்கது.

பழைய மைதானத்தை இடித்துவிட்டு வீடுகளும் சமூக வசதிகளும் அமைக்கவே முதலில் திட்டமிடப்பட்டது. பின்னர் அம்முடிவு மாற்றப்பட்டு, 2025-26 பருவம் முதல் எவர்டன் மகளிர் அணியின் தாயகமாகக் கூடிசன் பார்க் செயல்படத் தொடங்கியது.