ஓலையில் ஒளிந்திருந்த ஊர்!

சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் உள்ளது, திருப்போரூர். கந்தசாமி கோவிலால் புகழ் பெற்ற ஊர்.

250 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் எந்த வீட்டில் யார் இருந்தார்? ஏரிக்கு எவ்வளவு நெல் ஒதுக்கினார்கள்? இன்றும் சொல்ல முடியும். ஆம்! ஓலை ஏடு சொல்லுகிறது.

பர்னார்டு துரை

1763-ல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்குக் கொடுத்தார். கைக்கு வந்த ஊர்களில் என்ன விளைகிறது என்று கும்பினிக்குத் தெரியாது. எனவே 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்கே அளவை நடத்தினார். சுமார் 2,000 ஊர்கள்!

ஆனால், துரைக்கு விவரம் சொன்னது யார்? ஊர்க் கணக்கர்கள்தான். அவர்கள் தமிழில், ஓலையில் எழுதினார்கள். அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள்.

அறுவடையானதும் நெல் முழுவதும் உழவன் வீட்டுக்குப் போய்விடாது. குயவர், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், வெட்டியான், கணக்கர் எல்லோருக்கும் பங்கு உண்டு. கோவிலுக்கும் உண்டு. ஏரியைப் பராமரிக்கவும் உண்டு. (இன்று ஏரிக்கு யார் பங்கு வைக்கிறார்கள்?)

கணக்கு எழுதி முடிந்து சில ஆண்டுகள்தான் ஆயின. 1780-ல் ஐதர் அலியின் படை புகுந்தது. ஊர்கள் எரிந்தன. மக்கள் ஓடினார்கள். அழிவதற்கு முன் அந்தச் சீமை எப்படி இருந்தது என்பதற்கு இந்த ஏடுகளே சாட்சி.

தூசியில் கிடந்தது

பிறகு இந்தக் கணக்கை எல்லோரும் மறந்தார்கள். ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. காந்தியவாதியான ஆராய்ச்சியாளர் தர்மபால் அதைக் கண்டு, அதன் அருமையை எடுத்துச் சொன்னார். தமிழ் ஏடுகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எம்.டி.சீனிவாஸ், டி.ஜி.பரமசிவம், டி.புஷ்கலா ஆகிய மூவரும் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்கைப் படித்து, 2001-ல் புத்தகமாக்கினார்கள்.

சுருக்கம் இருக்கும்போது ஓலை எதற்கு என்று கேட்கலாம். சுருக்கத்தில் வீடுகளின் எண்ணிக்கைதான் இருக்கும். ஓலையில் வீட்டுக்காரரே இருக்கிறார்!

அதைப் படிப்பது எளிதல்ல. புள்ளி இல்லாத எழுத்து. எண்ணுக்குத் தனிக் குறி. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு! குறி ஒன்று மாறினால் கணக்கே மாறிவிடும்.

ஓலைக்குப் பகைவர்களும் பலர். கரையான், பூச்சி, ஈரம். முன்பு ஏடு பழுதானால் புது ஓலையில் பார்த்து எழுதினார்கள். காகிதம் வந்ததும் அந்த வழக்கம் நின்றது. இப்போது புல் தைலம் தடவிக் காக்கிறார்கள். படமும் எடுக்கிறார்கள்.

ஆனால், அளந்த ஊர் எல்லாவற்றுக்கும் ஏடு கிடைக்கவில்லை. ஏடு போன ஊர்களுக்கு ஆங்கிலச் சுருக்கம்தான் மிச்சம். அங்கே எத்தனை வீடு இருந்தது என்று சொல்லலாம். யார் வீடு என்று சொல்ல முடியாது.