எல்லாருக்கும் ஒரே சிலேட்!

வாருங்கள், சி லைப்ரரியின் உள்ளறையை எட்டிப் பார்க்கலாம்! வெளியே நின்று ‘மணி என்ன?’ என்று லோக்கல்டைம் ஃபங்ஷனைக் கேட்கிறோம். உள்ளே இருப்பது ஒரே ஒரு சிலேட், அதாவது ஒரு ஸ்டாட்டிக் மாறி. ஆண்டு, மாதம், மணி, நிமிடம் எல்லாவற்றையும் அதில் எழுதி, சிலேட் இருக்கும் முகவரியை மட்டும் நம் கையில் தருகிறது. அடுத்த ஆள் வந்தால், அதையே அழித்து எழுதுகிறது!

இன்றே செய்து பாருங்கள். ஒரே புரோகிராமில், காலை 6 மணிக்கான நேரத்தைக் கொடுத்து ஒரு முறை, மாலை 6 மணிக்கானதைக் கொடுத்து ஒரு முறை லோக்கல்டைமை அழையுங்கள். கிடைத்த இரண்டு பாயிண்டர்களையும் கடைசியில் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டிலும் மாலை 6! முகவரியும் ஒன்றே. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் ஜிஎம்டைம் ஃபங்ஷனும் இதே சிலேட்டில்தான் எழுதுகிறது.

இப்போது இரண்டு த்ரெட்களை உள்ளே விடுங்கள். முதலாவதற்கு வேண்டியது 9:59. மணியைப் பார்த்து 9 என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நொடிப்பொழுதில் இரண்டாவது வந்து 10:00 என்று எழுதிவிடுகிறது. முதலாவது நிமிடத்தைப் படிக்கிறது: 00. ஆக, 9:00! யாருமே எழுதாத நேரம், பார்வைக்குப் பழுதே இல்லாத நேரம்.

இதற்கு வந்த மருந்து, லோக்கல்டைம்_ஆர்: ‘சிலேட்டை நீயே கொண்டு வா, எழுதித் தருகிறேன்.’ பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவுக்கோ த்ரெட்டுக்கு ஒன்றாகத் தனிச் சிலேட்டே கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த அறை இனிமேல்தான். சி++11 முதல், ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் மாறியின் வாசலில் கம்பைலரே ஒரு காவலாளியை நிறுத்துகிறது. ஜிசிசி கம்பைலரில் 64-பிட் இன்டெல் கணினிக்கு அந்தக் காவலாளி வெறும் 8 பைட்! முதலில் வரும் த்ரெட் உள்ளே போய் மாறியை உருவாக்கும். மற்றவை வாசலில் காத்திருக்கும். பாதியில் எக்ஸெப்ஷன் வெடித்தால், அடுத்த த்ரெட்டுக்கு வாய்ப்பு. வேலை முடிந்தபின் வருகிறவர்கள் ஒரு பைட்டைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போகலாம். நாம் ஒரு வரிகூட எழுதாமல் இத்தனை ஏற்பாடு!

ஆனால் காவல் பிறப்புக்கு மட்டும்தான். பிறந்த மாறியில் பல த்ரெட்கள் எழுதும் என்றால், மியூடெக்ஸ் பூட்டை நாம்தான் போட வேண்டும். பூட்டாமல் விட்டால், யாரும் எழுதாத அந்த 9:00 மறுபடி வந்து நிற்கும்.