கட்டிய மாடும் இழுத்த வண்டியும்

சண்டிலிப்பாய்ச் சந்தியை அண்டிய ஒழுங்கைகளில் கோயில் திருவிழாக் காலத்திலோ கல்யாண முகூர்த்த நாளிலோ நடந்து சென்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. வீட்டுப் படலைக்குக் குறுக்கே ஒரு வான் நிற்கும். சாரதியைக் காண முடியாது. வீட்டுக்காரருக்கோ அவசரமாக வெளியே போகவேண்டிய தேவை. அயலவர் நாலு பேரைக் கூட்டி வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். வேறு சில இடங்களில், வெறுங்காணி என்று எண்ணி உள்ளே நிறுத்திய மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் பின்னால் காணிக்காரர் படலையைச் சங்கிலியிட்டுப் பூட்டிவிட்டு, "காசைத் தந்துவிட்டு எடுங்கள்" என்று நிற்பதுமுண்டு. பிறகு வாய்த்தர்க்கம், கைகலப்பு, பொலிஸ் முறைப்பாடு என்று விடயம் வளர்கிறது.

தமது நிலத்தில் அத்துமீறி நிற்கும் வண்டியை ஒருவர் தாமே இழுத்து அகற்றலாமா? அகற்றிய கூலியை வாங்கும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கலாமா? மேலைநாடுகளில் இதற்கென்றே ஒரு தொழில் வளர்ந்து, அதனால் வழக்குகளும் சட்டங்களும் பெருகியுள்ளன. நம்மூர்களில் அத்தொழில் அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. ஆயினும் கேள்வி நமக்குப் புதியதன்று. வண்டிகள் பெருகுமுன்னரே மாடுகளை வைத்து இதற்கு விடை கண்ட சமூகம் நமது சமூகம்.

தோட்டத்துக்குள் புகுந்து மிளகாய்க் கன்றையோ புகையிலையையோ மேய்ந்த கட்டாக்காலி மாட்டைத் தோட்டக்காரர் பிடித்துக் கட்டுவார். அது அவரது உரிமை. ஆனால் கட்டிய கையோடு விதானையாருக்கு அறிவிக்கவேண்டும். நட்டத்தை மதிப்பிடுவது தோட்டக்காரரின் வேலையன்று. ஊர் அதிகாரியின் முன்னிலையில் அது நடைபெறும். நட்டத்தைக் கட்டிவிட்டு மாட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துச் செல்வார். 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டத்தின் சாரம் இதுதான். 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். இன்று பிரதேச சபைகளும் கட்டாக்காலிகளைப் பிடித்துத் தண்டப்பணம் அறவிடுகின்றன. மாட்டைக் கட்டியவர் ஒருவர், விலையைச் சொல்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையை வாசகர்கள் மனதிற் கொள்ளவேண்டும். வண்டி விடயத்தில் தொலைந்துபோனது அதுவே.

இங்கிலாந்தின் சட்டத்திலும் இதே மாட்டு நியாயம் நெடுங்காலம் வழக்கிலிருந்தது. சில்லுக்குப் பூட்டுப் போடும் தொழில் அங்கு பரவியபோது, "அத்துமீறிய மாட்டைப் பிடித்துவைப்பது போலத்தான் காரையும் பிடித்துவைக்கிறோம்" என்று அத்தொழிலினர் வாதாடினர். ட்ரூரோ நகரின் தனியார் தரிப்பிடமொன்றில் எழுந்த ஆர்தர் எதிர் ஆங்கர் வழக்கு 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. மாட்டு நியாயம் காருக்குச் செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. சும்மா நிற்கும் கார் பயிரை மேயவில்லை அல்லவா! ஆனால் வேறொரு வாசல் திறந்துவிடப்பட்டது. எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பின்னரும் வண்டியை நிறுத்தியவர் அதன் விளைவுக்குச் சம்மதித்தவராகிறார் என்பதே அது. விடுவிப்புக் கட்டணம் நியாயமானதாயிருத்தல் வேண்டும், பணம் கொடுத்தவுடன் தாமதமின்றி வண்டியை விடுதல் வேண்டும், உரியவரை உடனே தொடர்புகொள்ள வழியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன.

அடுத்த கேள்வி பலகையைக் காணாதவர் பற்றியது. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் வழியில் உடல்நலங் குன்றி வாந்தியெடுக்க இறங்கிய ஒரு பெண்மணியின் கார், கிழக்கு லண்டனின் வோல்தம் ஃபொரஸ்ட் பகுதியில் பூட்டப்பட்டது. எச்சரிக்கைப் பலகையை அருகில் நின்ற பெரிய வாகனமொன்று மறைத்திருந்தது. காணாத பலகைக்குச் சம்மதமும் இல்லை என்று 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று.

ஸ்கொட்லாந்து நீதிமன்றங்களோ இந்தச் சம்மதக் கதைக்கே இடங்கொடுக்கவில்லை. பணம் பறிப்பதற்காக வண்டியைப் பூட்டிவைப்பது களவும் மிரட்டிப் பறித்தலும் ஆகும் என்று 1992இலேயே கூறிவிட்டன. இங்கிலாந்தும் வேல்ஸும் அவ்விடத்துக்கு வந்துசேர மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சட்டபூர்வ அதிகாரமின்றித் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவதும் இழுத்துச் செல்வதும் 2012 ஒக்டோபர் 1 முதல் குற்றமாகிவிட்டது. காணிக்காரர் கைவிடப்பட்டாரா என்றால் இல்லை. பலகையில் எழுதிய கட்டணத்தைக் கடிதம் அனுப்பியும் தேவையானால் வழக்குத் தொடுத்தும் அவர் அறவிடலாம். செம்ஸ்ஃபோர்ட் நகரத் தரிப்பிடமொன்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்காக விதிக்கப்பட்ட 85 பவுண் கட்டணம் செல்லும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் கேட்கும் உரிமை இருக்கிறது. வண்டியைப் பணயமாக வைத்துக் கேட்கும் உரிமைதான் இல்லை.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் அனுபவம் கசப்பானது. விபத்து நடந்த இடத்துக்கு யார் முதலில் ஓடிவருவது என்ற இழுவை வண்டிக்காரரின் போட்டி, லொறிகளை எரிப்பதிலும் கொலையிலும் போய் முடிந்தது. 2020 மே மாதத்தில் யோர்க் பிராந்தியப் பொலிஸார் பெரும் சுற்றிவளைப்பை நடத்தவேண்டியதாயிற்று. அதன் பின்னர் ஒன்ராறியோ மாகாணம் 2021இல் ஒரு சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி முதல் இழுவை நிறுவனங்களுக்கும் அவ்வாண்டு ஜூலை முதல் சாரதிகளுக்கும் சான்றிதழ் கட்டாயமாகியது. கட்டணத்தை முன்கூட்டியே வெளியிடவேண்டும். விபரமான பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும். தெருவில் வாயால் பேசிய விலைக்கு அங்கு இப்போது மதிப்பில்லை.

இனி நமது நிலைமை. இலங்கையின் பொதுச்சட்டம் உரோம-டச்சுச் சட்டம். உரிமை தம்முடையதேயாயினும், பிறர் வசமுள்ள பொருளை நீதிமன்றின் வழியன்றிப் பலவந்தமாகப் பறிக்கலாகாது என்பது அச்சட்ட மரபின் பழைய கொள்கை. ஆகவே படலையைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் காணிக்காரர், முறைப்பாட்டுக்காரராக இருக்கவேண்டிய தாமே எதிராளியாகும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார். அவர் முதலில் பார்க்கவேண்டியது வண்டி எங்கே நிற்கிறது என்பதை. படலைக்கு வெளியே வீதியில் நின்று வழியை மறித்தால் அது போக்குவரத்துப் பொலிஸாரின் விடயம். படலைக்கு உள்ளே காணியில் நின்றால் இலக்கத் தகடு தெரியப் படமெடுத்து, பொலிஸில் பதிவு செய்து, உரிமையாளரைத் தேடுவதே வழி. அநாதையாக நாட்கணக்கில் நிற்கும் வண்டி களவுபோனதாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

நம் மண்ணில் வண்டி இழுக்கப்படும் தகராறு பெரும்பாலும் தரிப்பிடத்தால் வருவதன்று, லீசிங்கால் வருவது. 2009இன் பின்னர் நிதி நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் கிளை பரப்பின. முச்சக்கரவண்டியும் லான்ட்மாஸ்டரும் தவணைக்கு வந்தன. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் நிறுவனம். ஓட்டிப் பிழைப்பவர் பதிவு உரிமையாளர். தவணை தவறினால், 'சீசிங்' என்று சனங்கள் சொல்லும் ஆட்கள் வீதியில் மறிக்கிறார்கள். சாவியைப் பிடுங்குகிறார்கள், வீட்டு முற்றத்திலிருந்தும் வண்டியை ஏற்றிச் செல்கிறார்கள் என்ற முறைப்பாடுகள் ஓயவில்லை. நிறுவனத்துக்கு வண்டியை மீளப்பெறும் உரிமை ஒப்பந்தத்திலும் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்திலும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை; கடன் கொடுத்தவரும் பிழைக்கவேண்டும். ஆனால் ஆளைத் தள்ளி விழுத்தும் உரிமையோ, பிறர் முற்றத்துள் புகும் உரிமையோ எந்தத் தவணைப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அவை தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வருபவை. இழுவைக்கூலி, தரிப்புக்கூலி என்று பின்னர் கணக்கில் ஏறும் தொகைகளே கொடுமை. இங்கே மாட்டைக் கட்டியவரே விலையையும் சொல்கிறார்.

அத்தகைய வேளையில் சாரதி செய்யக்கூடியவை சில. மறிப்பவரின் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டதற்கான அறிவித்தலையும் கேட்கவேண்டும். காட்ட மறுத்தால் கைகலக்காது அண்மைய பொலிஸ் நிலையத்துக்கு வண்டியோடு போவது நல்லது. வண்டி போய்விட்டால், உள்ளே இருந்த பொருட்களின் பட்டியலை அன்றே எழுதி முறைப்பாட்டில் சேர்க்கவேண்டும். கூலியைக் கட்டித்தான் மீட்கவேண்டுமென்றால், பற்றுச்சீட்டு வாங்கி, ஆட்சேபனையுடன் கட்டுவதாக எழுத்தில் கொடுக்கலாம். நிறுவனத்தின் நடத்தை பற்றி மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். இரவில் நடுவீதியில் பழுதடைந்த வண்டியை இழுக்க வரும் லொறிக்காரரிடமும், கொக்கி மாட்டுமுன் கூலியையும் இறக்கும் இடத்தையும் பேசி முடிப்பதே புத்தி.

அயலவர் தகராறுக்கு இணக்க சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரியலாம். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவர். சட்டத்தரணிச் செலவு இல்லை. காணிக்காரரும் சாரதியும் ஒரே ஊர்க்காரராயிருக்கையில், நீதிமன்றம்வரை போய் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிரதேச சபைகளுக்கும் இதில் பங்குண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அவற்றுக்குத் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அளித்துள்ளது. நல்லூர்த் திருவிழாவின்போது கோயிலைச் சூழ்ந்த வளவுகளில் வாகனப் பாதுகாப்பு நிலையங்கள் இயங்குவதையும், துண்டைக் கொடுத்து வண்டியை எடுப்பதையும் அறியாதவர் யார்? சீரணி நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு முன்னரும் வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை இரண்டு வளவுகளைக் குறித்து, தரிப்புக் கட்டணத்தையும், வழிமறித்த வண்டியை அகற்றினால் அதற்குரிய தொகையையும் பலகையில் எழுதி, பணத்தைச் சபையின் பற்றுச்சீட்டில் வாங்கலாம். அதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை.