880 கோடி ஆண்டுப் பழைய அலை

கொல்லிமலையின் அரியூர் சோலைக் காட்டில் இருள்வான் பூங்கா அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது நல்ல செய்தி. நிலவில்லாத இரவில் இருட்டான மலையுச்சியில் நின்றால் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

அதற்கும் வெகு முந்தைய காலத்தைப் பார்க்கக் கண் போதாது. விண்மீன்கள் உருவாகும் மூலப்பொருளான குளிர்ந்த ஹைட்ரஜன் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் காட்டிக்கொடுப்பது 21 செ.மீ. ரேடியோ அலை. சிக்கலும் இங்கேதான். கருவியின் அகலம் அலைநீளத்தைப்போல எத்தனை மடங்கோ, அதைப் பொறுத்தே நுணுக்கம் கிடைக்கும். நம் கண்பாவை சுமார் 5 மி.மீ.தான் என்றாலும், ஒளியின் அலைநீளத்தைப்போல அது 10,000 மடங்கு. அதே கூர்மையை 21 செ.மீ. அலையில் பெற 2 கி.மீ. அகலத் தட்டு வேண்டும். எந்த நாடும் அப்படி ஒன்றைக் கட்டியதில்லை.

கட்டத் தேவையுமில்லை என்பதுதான் ரேடியோ குறுக்கீட்டு முறையின் அழகு. சிறிய ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி நிறுத்துகிறார்கள். ஒரே அலை ஓர் ஆன்டெனாவை எட்டி, நொடியின் மிகச் சிறு பங்கு தாமதமாக அடுத்ததை எட்டும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டி இரண்டு சமிக்ஞைகளையும் கணினியில் பெருக்கினால், இடைவெளியின் அளவே கருவியின் அகலம்போல வேலை செய்யும். பூமி சுழலச் சுழல ஆன்டெனா ஜோடிகள் வானத்தைப் பார்க்கும் கோணம் மாறி, படத்தில் விடுபட்ட இடங்களும் நிரம்பிக்கொண்டே வரும்.

இந்தியாவில் இந்தக் கலை வளர்ந்ததில் நீலகிரிக்குப் பெரும் பங்குண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டி முத்தொரையில் 1970இல் எழுப்பிய தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பிரதிபலிப்பானோ தகடு அல்ல, 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அது படுத்திருக்கும் சரிவு சுமார் 11 டிகிரி. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீளவாக்கு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை 9 மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். மலையையே கருவியின் பாகமாக்கிய இந்த யோசனையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மலைப்புத்தான். 1980களில் இந்தத் தொலைநோக்கியைச் சுற்றிச் சிறு ஆன்டெனாக்களை நிறுவிக் குறுக்கீட்டு முறையையும் செயல்படுத்தினார்கள்.

ஸ்வரூப் அடுத்து எழுப்பியது, புனேவுக்கு வடக்கே 25 கி.மீ. விரிந்து நிற்கும் 30 தட்டுகளை. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். அவற்றைக் கொண்டு அர்ணவ் சக்ரவர்த்தியும் இந்திய அறிவியல் கழகத்தின் நிருபம் ராயும் பிடித்த ஹைட்ரஜன் சமிக்ஞை பற்றிய செய்தி 2023 ஜனவரியில் வந்தது. 880 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய அலை அது. பிரபஞ்சம் விரிந்ததில் 21 செ.மீ. 48 செ.மீ.யாக நீண்டிருந்தது. வழியில் இருந்த இன்னொரு விண்மீன் திரளின் ஈர்ப்பு அதைச் சுமார் 30 மடங்கு பெருக்கியிராவிட்டால் சிக்கியே இருக்காது.

நீண்ட அந்த அலையின் அதிர்வெண் சுமார் 620 மெகாஹெர்ட்ஸ். செல்போன் கோபுரங்களின் 700 மெகாஹெர்ட்ஸ் வரிசைக்கு அது பக்கத்து வீடு. அந்த இரைச்சலில் இவ்வளவு மெல்லிய அலை எளிதில் அமுங்கிப்போகும். கொல்லிமலையில் விளக்குகளைக் கட்டுப்படுத்த முன்வரும் நாம், முத்தொரை, புனே தொலைநோக்கிகளைச் சுற்றியுள்ள ரேடியோ இரைச்சலையும் அதே அக்கறையோடு கட்டுப்படுத்த வேண்டும்.