கை மாறிய வெள்ளி

உலக வெள்ளி நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் வைத்துக்கொள்ளும் விதி ‘நாட்டுக்கு ஒன்று’. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால், நியுவே, பலாவு போன்ற குட்டித் தீவுகளின் பெயரில் வெள்ளிக் காசுகள் வரிசையாக வருகின்றன. வேறெங்கோ அச்சாகி நேராக அலமாரிக்குப் போகும் அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தீவுகளின் கடைத்தெருவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நாட்டை விட்டுவிட்டுப் புழக்கத்தை அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கட்சி: வெளியிட்ட ஆட்சியின் எல்லையைத் தாண்டி, வியாபாரத்தில் கை மாறிய காசு மட்டும் போதும்.

இந்த விதியில் மிஞ்சுபவை கொஞ்சம்தான், ஆனால் கனமானவை. மெக்சிகோவிலும் பொட்டோசியிலும் அச்சான ஸ்பானிய எட்டு ரியால், அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. 1895இல் தொடங்கிய பிரிட்டிஷ் வர்த்தக டாலரைப் பாருங்கள்: 26.95 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. ஒரு பக்கம் திரிசூலம் ஏந்திய பிரிட்டானியா. சூலத்தின் நடுமுனையில் பொடி எழுத்தாக ‘பி’ இருந்தால் அது பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது. மறுபக்கம் சீனத்திலும், அரபு எழுத்தில் மலாயிலும் மதிப்பு. யாருக்காக அச்சானது என்பதைக் காசே சொல்லிவிடுகிறது.

சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்திய காசுகளைப் பழுதானவை என்று ஒதுக்குவோர் உண்டு. அழகுதான் நோக்கமென்றால் அது நியாயம். புழக்கம்தான் நோக்கமென்றால் அந்தக் குத்தைவிட நல்ல சாட்சி எது? மரியா தெரேசா தாலர்தான் உண்மையில் இடறும் இடம். அரசி மறைந்த 1780ஆம் ஆண்டையே தாங்கி, வியன்னா, லண்டன், பம்பாய் என்று பல ஊர்களில் பின்னாளிலும் அச்சாகி, எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் செலவானது. வியன்னாவில் இன்றும் அச்சாகிறது. ஆண்டை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அச்சின் நுண்வேறுபாடுகளைப் படித்து, சேகரிப்பாளர்களுக்காகவே அடித்த புதியவற்றைக் கழிக்க வேண்டும். விதி தளர்வதில்லை, வேலைதான் கூடுகிறது.

ஊர் சுற்றிய காசுகளில்தானே போலி அதிகம் என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் எடை மாறாது என்ற நம்பிக்கையில்தான் அவை அத்தனை தூரம் போயின. தாலரின் எடை 28.07 கிராம், தேய்மானத்துக்கு மிஞ்சிக் குறைந்தால் விலை பேசாமல் வைத்துவிட்டு வரலாம்.